உப்புக் குடித்த சுவர்

எதிர்வீட்டில் மாடி எடுக்கிறார்கள். காலையிலிருந்து செங்கல்லைத் தொட்டித் தண்ணீரில் போட்டு ஊறவைக்கிறார்கள். ஒவ்வொரு கல்லும் உள்ளே விழுந்ததும் சுர்ர் என்று ஒரு இழுப்பு. பிறகு மொணமொணவென்று நீளமாக ஒரு புலம்பல், யாரோ தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து குறை சொல்கிற மாதிரி. கல்லுக்குள் இருந்த காற்று வெளியேற வெளியேற அந்த இடத்தில் தண்ணீர் போய் உட்காருகிற சத்தம் அது. கூடவே அந்த வாசம். மழை வாசம் என்று சொல்லி மூச்சை இழுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மழை இல்லை. என் தம்பி படுத்திருக்கும் அறையின் வாசம். மூக்கில் ஏறியதும் கை போனைத் தேடுகிறது. மத்தியானம்தான் நான் கூப்பிடும் நேரம். மத்தியானத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனாலும் கை தேடுகிறது.

பங்குனி பிறந்துவிட்டது. இனி நான் இப்படித்தான் இருப்பேன்.

தம்பி கொத்தனார். வீடு கட்டிக்கொடுத்தே வளர்ந்தவன். யாரோ ஒருவரின் வீட்டு இரண்டாம் தளத்துக்குச் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தபோது கயிறு நழுவி, கீழே கிடந்த ஜல்லிக் குவியலில் விழுந்தான். கழுத்தெலும்பு. கைகளைத் தூக்குவான், விரல்கள் மடங்காது. நெஞ்சுக்குக் கீழே உடம்பு இருக்கிறது என்பதை அவன் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரியாஸ்பத்திரியில் எங்களை அனுப்பும்போது டாக்டர் நிறையச் சொன்னார். முதுகில் புண் வராமல் திருப்பிப் போட வேண்டும், மூத்திரக் குழாயைச் சுத்தமாக வைக்க வேண்டும், எல்லாம். அதையெல்லாம் தம்பி பெண்டாட்டி மனப்பாடமாக்கிக்கொண்டாள். கடைசியாக, எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போகிற போக்கில், அவர் இன்னொன்றும் சொன்னார்: "இவருக்கு இனிமே கழுத்துக்குக் கீழ வேர்க்காது. வெயில் காலத்துல பாத்துக்குங்க." வேர்க்காதது நல்லதுதானே என்றுகூட அன்றைக்கு எனக்குத் தோன்றியது. எங்கள் ராமநாதபுரத்து வெயிலில் வேர்க்காமல் இருப்பது வரம் மாதிரி.

முதல் சித்திரையில் புரிந்தது. நெற்றியில் வேர்வை சொட்டுகிறது, கழுத்தோடு கோடு போட்ட மாதிரி நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே கை வைத்தால் தோசைக்கல். நம் உடம்பு தண்ணீரை வெளியே விட்டு, அது காற்றில் போகும்போது கூடவே சூட்டையும் அனுப்பிவைக்கிறது. அவன் உடம்பு எதையும் அனுப்ப முடியாமல் எல்லாச் சூட்டையும் உள்ளேயே வைத்துக்கொண்டு கிடந்தது. வெயிலின் சூடு, அடுப்பின் சூடு, காங்கிரீட் தளம் சாயங்காலம் வரை இறக்குகிற சூடு, எல்லாம்.

ஏசி வைக்கலாமே என்று கேட்காத ஆள் இல்லை. முதுகுளத்தூரிலிருந்து உள்ளே போகிற மினி பஸ் கடைசியாகத் திரும்புகிற ஊர் தம்பியுடையது. மத்தியானத்து வோல்டேஜில் ட்யூப் லைட் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அணையும். காத்தாடி சுற்றினாலே சாமிக்குக் கும்பிடு போடுவார்கள்.

நான் இருப்பதோ பாம்பனில். ஐஸ் கம்பெனியில் வேலை. எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் இறங்குகிறது என்று பார்த்துச் சொல்வது என் பொழுது. நாளெல்லாம் குளிருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஐஸ் பாரின் மேல் எழும் வெள்ளைப் புகை என் சேலையில் படிகிறது. அதில் ஒரு கை அளவு அவனுக்குக் கொண்டுபோக முடியாதா என்று எத்தனை நாள் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஐஸ் பஸ்ஸில் பாதி உருகும், இறங்கி நடக்கிற வழியில் மீதி.

சுவர் அவனுடைய யோசனைதான். முதல் கோடை முடிவதற்குள் அது அவன் மண்டையில் உதித்துவிட்டது.

"வேலை செய்யிற எடத்துல மத்தியானம் எங்கன ஒக்காந்து சாப்புடுவோம் தெரியுமாக்கா? நனைச்சு அடுக்குன கல்லுக்குப் பக்கத்துல. மரத்தடிய விட அங்கன குளுமையா இருக்கும். காத்து கல்லுக்கு ஊடால பூந்து வரும்பாரு, அப்பிடி இருக்கும்."

அறைக்கு மேற்கே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே, கையெட்டும் தூரத்தில், ஒரு கல் ஒரு ஓட்டை என்று இடைவெளி விட்டுச் செங்கல் சுவர் ஒன்றை எழுப்பச் சொன்னான். சிமெண்ட் கூடாது, களிமண் போதும். மேலே ஒரு பிளாஸ்டிக் ட்ரம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பழைய சலைன் ட்யூப்களை அதிலிருந்து தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாகக் கல்லின் தலையில் விழ வைத்தாள் அவன் பெண்டாட்டி. கல்லையும் அவன்தான் படுத்தபடியே பொறுக்கினான். ஒவ்வொன்றாக அவள் முகத்துக்கு நேரே காட்ட, இது வேணும், அது வேணாம்.

"நல்லா வெந்த கல்லு தண்ணி குடிக்காது. சூளை ஓரத்துல கெடந்தது வேணும். அரைவேக்காடு. என்னைய மாதிரி."

"ஒங்கள மாதிரின்னா முழுக் கிறுக்குல்ல வேணும்" என்றாள் அவள்.

கோடையின் மேற்கத்திக் காற்றைப் பாம்பனில் கச்சான் என்பார்கள். கடற்கரையில் அது மணலை வாரி அடிக்கும். தம்பி ஊரில் அது சூளை வாயிலிருந்து வருகிற மாதிரி வரும், காய்ந்து, வறண்டு. அந்தக் காற்று ஈரக் கல்லின் ஓட்டைகளில் நுழைந்து இந்தப் பக்கம் வரும்போது வேறு காற்றாக இருந்தது. நம்பவே முடியவில்லை. கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தரம், இந்தப் பக்கம் ஒரு தரம் வைத்துவைத்துப் பார்த்தேன். தம்பி சிரித்தான். அடுத்த கோடை முழுவதும் அந்தச் சுவர்தான் அவனுக்குப் பதிலாக வேர்த்தது.

அவள் அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்தாள். "மதினி, ஒங்க தம்பி என்னைய விட அவளைத்தான் பாத்துக்கிட்டே கெடக்காரு. தாகமும் அவளுக்கு அப்பிடி. குடம் குடமாக் குடிக்கா." காலையில் முதல் வேலை சக்களத்திக்குத் தண்ணி காட்டுவது. நான் தினமும் மத்தியானம் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்.

"செவுரு நனைஞ்சிருக்கா?"

"நனைஞ்சிருக்கு மதினி."

அந்தப் பதிலை வாங்கிக்கொண்டுதான் சோற்றில் கை வைப்பேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் தண்ணீர் இரண்டு சாதி. வீட்டுக்கு வீடு போர் இருக்கிறது, வருவது உப்பு. அதில் குளிக்கலாம், துவைக்கலாம், சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணி மெயின் ரோட்டுக் குழாயில், வருகிற அன்றைக்கு வரும். பெண்கள் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்பார்கள். அந்தத் தண்ணி வாய்க்கு, உலைக்கு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் குளித்து முடித்த பிறகு கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணி தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கொடுப்பது பெரிய மரியாதை. நல்ல தண்ணியைத் தரையில் சிந்தினால் அந்த வீட்டில் அன்றைக்குச் சண்டைதான். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி நல்ல தண்ணியைச் சுவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் கோடை தொடங்கியபோதே அவன் குரலில் ஏதோ இருந்தது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் ஒரு இழுவை. தூக்கமா என்பேன், ஆமாக்கா என்பான். செவுரு நனைஞ்சிருக்கா என்பேன்.

"நல்லா நனைஞ்சிருக்கு மதினி. முந்தி மாதிரி சட்டுன்னு காயக்கூட மாட்டேங்கு. சாயங்காலம் தொட்டாலும் ஈரமாத்தான் இருக்கு."

எனக்குச் சந்தோஷம். அப்படியென்றால் சுவர் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் முற்பகலில் நேரம் வருமுன்பே கூப்பிட்டேன். ஏனென்று தெரியாது, ஐஸ் பாரை உடைக்கிற சத்தம் அன்றைக்கு என் பல்லில் பட்டது. அவள் போனை அவன் காதில் வைத்தாள். "அக்கா" என்றான். பிறகு எதுவும் இல்லை. மூச்சு மட்டும். "அக்கா... தண்ணி விட்டாச்சா, கலவை இறுகிரும்" என்றான். எந்தக் கலவை? அவன் கலவையைத் தொட்டு வருஷங்களாகிவிட்டன.

ஒரு தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பாம்பன் பாலத்தில் இரண்டு பக்கமும் அத்தனை தண்ணீர். எப்போதும் எட்டிப் பார்ப்பவள், அன்றைக்கு மடியில் இருந்த பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ராமநாதபுரத்தில் பஸ் மாறியபோது பெட்டியின் மூலையிலிருந்து ஒழுக ஆரம்பித்தது. கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"யக்கா, மீன் பெட்டியெல்லாம் உள்ள வைக்கக் கூடாது. தண்ணி ஒழுகுது பாரு."

"மீனில்ல தம்பி. ஐஸு."

"மீனில்லாம வெறும் ஐஸைக் கொண்டுபோற ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன். முதுகுளத்தூர்ல ஜிகர்தண்டா கடையா போடப் போற?"

பஸ் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், முகம் வரவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா தன் துண்டை எடுத்து ஒழுகுகிற மூலையில் சுற்றிவிட்டு, "யாருக்கு முடியல?" என்று கேட்டாள். தம்பிக்கு என்றேன். அவ்வளவுதான், வழியெல்லாம் அவளும் என்னோடு சேர்ந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேல மரங்கள் அசையாமல் நின்றன. காற்று இருந்தால் சுவருக்கு நல்லது. காற்று இல்லை. ஒரு இடத்தில் அசைந்தது. அப்பாடா என்றேன். பிறகு அதுவும் நின்றது. எனக்கு உள்ளேயும் அப்படியே, அசைவதும் நிற்பதுமாக.

நான் போய்ச் சேர்ந்தபோது கரண்ட் இல்லை. கட்டிலில் அவன் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கண் பாதி திறந்து, என்னைப் பார்த்து, பார்க்காமல். அவள் முறத்தால் வீசிக்கொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள்.

"நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டேன் மதினி. வண்டி சாயல்குடியில இருந்து வரணுமாம். செவுரு நல்லாத்தான் நனைஞ்சிருக்கு. பாருங்க. பாருங்களேன்."

பார்த்தேன். சுவர் கருஞ்சிவப்பாக, ஈரமாக நின்றது. சந்தேகத்துக்கே இடமில்லாத ஈரம்.

அவன் சட்டையைக் கழற்றினோம். வேட்டியை உருவினோம். வெட்கம் பார்க்க நேரமில்லை. அக்குளிலும் கழுத்திலும் துணியில் சுற்றி ஐஸை வைத்தேன். அதற்குள் அது பாதி தண்ணீராகியிருந்தது. அவள் தன் பழைய நூல் சேலை ஒன்றைக் குடத்திலிருந்த நல்ல தண்ணியில் முக்கி அவன் மேல் முழுசாகப் போர்த்தினாள். நான் முறத்தை வாங்கி வீசினேன். சேலை காய்ந்தது. மறுபடி முக்கினாள். மறுபடி காய்ந்தது. துணி காயக் காய அவன் ஆறினான். ஐஸைவிட அந்தச் சேலைதான் அவனை இறக்கியது என்று கை சொல்லிற்று. வயிற்றில் கை வைத்தபடியேதான் நான் வீசிக்கொண்டிருந்தேன். தோசைக்கல் மெல்ல மெல்ல உடம்பானது.

வண்டி வந்தபோது அவன் "யாரு வந்திருக்கா" என்று கேட்கும் நிலையில் இருந்தான். வந்த பையன் சூடு பார்த்தான். "இறங்கிருச்சு. நனைச்சுப் போட்டு வீசுனதுதான் சரி. திரும்ப ஏறுனா ஒடனே கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துப் போனான்.

வண்டி போன பிறகு ஜன்னலுக்கு வந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே கச்சான் எழுந்திருந்தது. சுவரின் ஓட்டைகள் வழியாக என் முகத்தில் அடித்தது. சூடாக அடித்தது. அடுப்பு ஊதுகிற மாதிரி.

ஈரமான சுவர். சூடான காற்று. இரண்டும் சேராது.

வெளியே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். ஈரம் ஒட்டியது. குளிர்ச்சி இல்லை. ஒட்டிய ஈரத்திலும் ஏதோ பிசுபிசுப்பு, வழவழப்பு. குனிந்து பார்த்தால் கீழ் வரிசைக் கற்களில் பூனை மயிர் மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. ட்யூப்பின் முனையில் ஒரு வெள்ளை மணி உறைந்து தொங்கியது.

ஐஸ் கம்பெனியில் கொட்டகையின் ஓரம் உப்பு மூட்டைகளை அடுக்கியிருப்போம். ஐஸ் கட்டும் தொட்டிக்கு உப்புத் தண்ணீர் வேண்டும், நல்ல தண்ணி உறைகிற குளிரிலும் அது உறையாது. கடலிலிருந்து கொண்டல் காற்று வீசுகிற நாட்களில் அந்த மூட்டைகள் தாமாகவே நனைந்துவிடும். யாரும் ஒரு சொட்டு ஊற்றியிருக்க மாட்டார்கள். காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் உப்பு இழுத்து வைத்துக்கொள்ளும். வைத்துக்கொண்டதை லேசில் விடாது. தரையெல்லாம் கசிந்து நிற்கும். அந்தக் கசிவில் எத்தனை தரம் வழுக்கியிருக்கிறேன். அதே வழவழப்பு.

விரலை நாக்கில் வைத்தேன். கடல்.

உள்ளே வந்து, முறம் வீசிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "செவுத்துக்கு என்ன தண்ணி ஊத்துற?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"போர் தண்ணிக்கா" என்றான் அவன். குரல் இப்போது நேராக இருந்தது. "நாந்தான் ஊத்தச் சொன்னேன். தை மாசத்துல இருந்து."

"நான் மாட்டேன்னுதான் சொன்னேன் மதினி. நல்ல தண்ணி ஊத்துனா சாப்புட மாட்டேன்னு வாயை மூடிக்கிட்டாரு. என்ன பண்ண?"

"பின்ன என்ன? இந்தச் சன்னல் வழியா நான் வேற எதைப் பாக்குறேன்? விடியுமுன்ன வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறா. இடுப்பப் பிடிச்சுக்கிட்டு வாரா. கொண்டாந்த தண்ணியில பாதிய என் கண்ணு முன்னால செவுத்துல ஊத்துறா. போற வாரவளுக எல்லாம் நின்னு கேக்காளுக, செவுத்துக்குக் காவேரித் தண்ணியா, ராசா வீட்டுச் செவுரா அப்பிடின்னு. அது என் காதுலதான விழுகுது."

"கேட்டா கேக்கட்டும். அவளுக புருசனுக்கு வேர்க்குது" என்றாள் அவள்.

நான் கேட்டேன்: "நீ கொத்தனாருல்லாலே? உப்புத் தண்ணி பட்டா கல்லு என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அரிக்கும். பொரியும். கட்டடம்னா ஊத்த விடுவேனா? ஆனா இந்தச் செவுரு எதைத் தாங்குதுக்கா? மேல தளமா இருக்கு? அரிச்சா அரிச்சிட்டுப் போகுது. ரெண்டு மூணு வருசம் நிக்கும். நமக்கு அது போதும்னு நெனச்சேன்."

முறம் நின்றது. அவள் அதைக் கீழே வைத்தாள்.

"நமக்குன்னா யாருக்கு?"

அவன் மேலே தளத்தைப் பார்த்தான்.

"சொல்லுங்க. போதும்னா யாருக்குப் போதும்?"

"வெயில்ல ஏதோ ஒளறுறேன். விடு."

"காலையில பேசுனது ஒளறல். இப்ப நல்லாத் தெளிஞ்சு பேசுறீக."

எனக்கு அந்த அறையில் நிற்க இடமில்லாமல் போனது. சுவர் நிற்கிற காலத்தைக் கணக்குப் போட்டவன், அதோடு சேர்த்து வேறு எதையோ கணக்குப் போட்டிருக்கிறான். அதை அவள் கேட்டுவிட்டாள். நானும் கேட்டுவிட்டேன். கேட்காத மாதிரி இருக்க மூன்று பேருக்கும் தெரியவில்லை.

அவள் வெளியே போனாள். சற்று நேரத்தில் தட் என்று சத்தம். கடப்பாரை. மேல் வரிசைக் கல் ஒன்று ஜன்னலுக்கு வெளியே சரிந்தது. களிமண் கட்டு, இளகி இளகி வந்தது. சில கற்கள் அவள் கையிலேயே பொரிந்து தூளாகின.

"ஏய்! மேல இருந்து எடு. நடுவுல குத்தாத, கால்ல விழுகப் போகுது" என்று அவன் கத்தினான். அவள் மேலிருந்தே எடுத்தாள்.

சுவர் இருந்த இடத்தில் வெளிச்சம் கொட்டியது. அந்த வெளிச்சத்தில் வீட்டுக்குப் பின்னால், தார்ப்பாய் போட்டு மூடி, பனைமட்டை வைத்து அழுத்திய செங்கல் அடுக்கு தெரிந்தது. விழுவதற்கு முன்னால் இன்னொரு அறை எடுக்க வேண்டும் என்று அவன் இறக்கிப் போட்டவை. அதை யாரையும் அவள் தொட விட்டதில்லை. ஆடு ஏறினால்கூட விரட்டுவாள். இப்போது அவளே தார்ப்பாயை உருவினாள்.

"அதைத் தொடாத" என்றான்.

"எதுக்கு வச்சிருக்கு?"

"ரூமு கட்ட."

"யாரு கட்ட?"

அவள் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வந்து ஜன்னல் கம்பிக்கு நேரே, அவன் முகத்துக்கு எதிரே நீட்டினாள்.

"நீங்கதான கட்டுறேன்னீக. கட்டுங்க. இந்தா கல்லு. எங்கன வைக்கணும்னு சொல்லுங்க."

அவன் கல்லைப் பார்த்தான். என்னை ஒருதரம் பார்த்தான். மறுபடி கல்லை.

"திருப்பு" என்றான். திருப்பினாள். "அது ஆகாது. ரொம்ப வெந்தது. அடுத்ததை எடு."

கட்டிலை ஜன்னலோரம் தள்ளிவிட்டேன். வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. என் வேலை கல்லை ஊறவைப்பது. குளிப்பதற்கு வைத்திருந்த ட்ரம்மைக் கவிழ்த்து, நல்ல தண்ணியால் அலசி, மிச்சமிருந்த குடத்தை ஊற்றினேன். போதவில்லை. தெர்மாகோல் பெட்டியில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரையும் ஊற்றினேன். பாம்பனிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது கடைசியில் கல்லுக்குத்தான் போனது. கல்லைப் போட்டேன். சுர்ர். பிறகு மொணமொணவென்று.

"சத்தம் நிக்கிற வரைக்கும் வெளிய எடுக்காதக்கா. சத்தம் நின்னாத்தான் அதுக்கு வயிறு நெறைஞ்சிருக்கு."

ட்ரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்று அடங்கும்போது இன்னொன்று புலம்பும்.

பழைய அளவுக்குக் கட்ட வேண்டாம் என்று அவனே சொன்னான். "அம்புட்டுத் தண்ணிக்கு எங்க போறது? அகலம் கட்டில் அளவு. உசரம் சன்னல்ல பாதி. எனக்கு எதிரா எம்புட்டு வேணுமோ அம்புட்டு." அவள் அடுக்க, அவன் சொல்ல, நான் எடுத்துக் கொடுக்க, வரிசை எழும்பியது. "சாயுது. நூலு பிடிச்சுப் பாரு. ஓட்டையை இன்னும் கொஞ்சம் சின்னதா விடு, காத்து இடிச்சு இடிச்சு வரணும்." அவன் குரலில் அந்த இழுவை இல்லை. வேலைத்தளத்தில் சித்தாள்களை விரட்டுகிற குரல் அப்படித்தான் இருந்திருக்கும் போல. நான் ஒருநாளும் போய்க் கேட்டதில்லை.

முடிந்ததும் அவன் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தள்ளி நின்னு பாத்தா சமாதி மாதிரி இருக்கு."

அவள் களிமண் கையோடு உள்ளே வந்து அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஐந்து விரலும் பதிந்தது.

"ஒடம்புல இத்தனை எடம் கெடக்கு. தோள்லயா அடிக்கணும்? வலிக்குதுடி."

"அங்கன அடிச்சாத்தான ஒங்களுக்குத் தெரியும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மண்ணைத் துடைக்கவும் விடவில்லை, காயட்டும் என்றாள்.

அன்றைக்கு அங்கேயே தங்கினேன். மறுநாள் குழாயில் தண்ணி வந்தது. அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது இரண்டு பேர் கூடவே பேசிக்கொண்டு வந்தார்கள். சுவருக்கு முதல் குடத்தை ஊற்றும்போது அதில் ஒருத்தி ஆரம்பித்தாள், "என்னடி, மறுபடியும் செவுத்துக்கு..." இவள் குடத்தைக் கவிழ்த்தபடியே, "ஆமா, சக்களத்தி. புதுசா கட்டிட்டு வந்திருக்காரு. கொஞ்ச நாளைக்கு நல்லாக் கவனிக்கணும்" என்றாள். அவர்கள் போய்விட்டார்கள்.

நான் அவளுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்தேன், எனக்கே அப்போதுதான் தெரிந்திருந்தது. ஈரத்தை நம்பாதே. ஊற்றியதும் கறுத்து, பிறகு விளிம்பிலிருந்து வெளுத்துக்கொண்டே வர வேண்டும். வெளுக்கிறது என்றால் தண்ணீர் கல்லை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. போகும்போதுதான் சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும். போகாமல் உட்கார்ந்திருந்தால் பயப்படு. அவள் தலையாட்டினாள். ஆனால் அவள் கேட்டது வேறு: "குழாய்ல தண்ணி வராத வாரம் என்ன மதினி பண்ண? கடல் காத்து வந்து ஒண்ணுமே காயாத அன்னைக்கு?"

பழைய சேலை இருக்கிறதா என்று கேட்டேன். நாலு இருக்கு என்றாள். முறம் இருக்கிறதா? இருக்கு. இரண்டு பேரும் அதோடு நிறுத்திக்கொண்டோம்.

மத்தியானத்து மினி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கம்பெனியில் ஒரு நாளுக்குத்தான் சொல்லியிருந்தேன். அவள் வாசலில் நின்றாள். காலிப் பெட்டியைக் கையில் கொடுத்தாள், உள்ளே கொஞ்சம் மிளகாய் வற்றல் போட்டு. "வாரேன்" என்று அவனிடம் உள்ளேயே சொல்லிவிட்டேன், அவனும் தலையசைத்துவிட்டான். ஆனாலும் கால் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனது. சுவருக்கு வெளியே நின்றேன். காலையில் ஊற்றியது. கற்களின் விளிம்பு வெளுத்திருந்ததா, இல்லை வெயிலில் எனக்கு அப்படித் தெரிந்ததா? கச்சான் என் முதுகில் அடித்து, எனக்கு இரண்டு பக்கமும் பிரிந்து, ஓட்டைகளுக்குள் போயிற்று. ஒரு ஓட்டை வழியாக அவன் நெற்றி தெரிந்தது. இன்னொன்றில் ஒரு கண்.

தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது.

செவுரு நனைஞ்சிருக்கா என்று வாய் பழக்கத்தில் எழுந்தது. விழுங்கினேன்.

"காயுதாலே?"

"காயுதுக்கா. நீ பஸ்ஸைப் பிடி."